சுவர் தாண்டிய ஒயர்

கார் சார்ஜருக்குப் பின்னாலிருந்து கிளம்பிய கறுப்பு ஒயர், சுவரிலிருந்த துளை வழியாகப் பக்கத்து வீட்டு மோட்டார் பெட்டிக்குள் போயிருந்தது. செடியை விலக்கிப் பார்த்தவளுக்குக் கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது குதூகலம்.

ஒரு மாதமாக இதே தொல்லை. பக்கத்து வீட்டு டீச்சர் மோட்டார் போட்டால் போதும், இங்கே கார் சார்ஜ் ஏறாமல் நின்றுவிடும். காரை நேராக நிறுத்து, குப்பையைப் பிரித்துப் போடு என்று தெருவுக்கே வகுப்பெடுக்கிற டீச்சர்.

அவள் வரவழைத்திருந்த எலக்ட்ரீஷியன் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினார். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. சார்ஜரின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அவர் ஏற்றினார், மறுபடி இறக்கினார், தாடையைச் சொறிந்தார்.

"இதை மாட்டினது யாருங்க?"

"எங்க வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு. அதை விடுங்க, ஒயர் அந்தப் பக்கம் போகுதா இல்லையா?"

"போகுது. ஆனா மேடம், கொஞ்சம் பொறுங்க..."

அவள் அதற்குள் தெருவில் இருந்தாள்.

"டீச்சர், கொஞ்சம் வெளிய வாங்க."

எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் முளைத்தன. "மெதுவா பேசுடி" என்றபடி பின்னாலேயே ஓடிவந்தான் கணவன்.

"பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் சொல்லித்தர்ற நீங்களே கரண்டு திருடலாமா டீச்சர்?"

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. எட்டிப் பார்த்து ஒயரைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. என் பக்கம் தப்பு நடந்திருந்தா மன்னிச்சுக்கோ."

டீச்சர் மறுபடியும் கண்ணாடியைத் துடைப்பதைப் பார்த்தபோது அவளுக்குள் ஏதோ லேசாக அசைந்தது. இத்தனை வருஷம் காத்திருந்த காட்சியை இரக்கப்பட்டுக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. மாடியில இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

டீச்சர் சத்தமாகச் சொன்னார். அவள் நிமிர்ந்து, பின்னால் வந்து நின்ற எலக்ட்ரீஷியனைப் பார்த்தாள்.

"நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்க. நம்ம வீட்டுக் கரண்டு எப்படி அங்க போகுது?"

எலக்ட்ரீஷியன் யார் முகத்தையும் பார்க்காமல் டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகினார்.

"மேடம், அங்கிருந்துதான் இங்க வருது."