தராசுக் கடைப் பிள்ளைக்கு வில்லன் வேஷம்

முகமெல்லாம் சிவப்பும் கறுப்பும் பூசியிருந்தவன், எதிரே நின்ற பையனைக் கீழே தள்ளி அவன் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். விழுந்தவன், "கண்ணு தெரியலடா, குடுத்துடுடா!" என்று தரையைத் தடவினான். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பள்ளி மண்டபத்தின் வாசலில் நின்ற தராசுக் கடைப் பெரியவர் கைதட்டவில்லை. பிடுங்கிக்கொண்டு ஓடியவன் அவருடைய தம்பி மகன்.

"நிறுத்துங்க டீச்சர்!"

ஒத்திகை நின்றது. நாடகம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஓடி வந்து நாற்காலி போட்டார்.

"உக்கார வரல. என் தம்பி வாயே திறக்கல. அவன் சம்சாரம் சொல்லித்தான் எனக்கே தெரியும். இது என்ன கூத்து?"

"பாடத்துல வர்ற நாவல் சார். ஆளில்லாத தீவுல பள்ளிக்கூடப் பசங்க மாட்டிக்கறாங்க. ஓட்டுப் போட்டு ஒருத்தனைத் தலைவனாக்கறாங்க. அது பொறுக்காம இன்னொருத்தன் தனியா கூட்டம் சேத்துக்கறான், பன்றி வேட்டைக்குப் போறான், கண்ணாடியைத் திருடறான்..."

"அந்த இன்னொருத்தன் எங்க வீட்டுப் பிள்ளையா?"

"அருமையான வேஷம் சார். அவன் இல்லன்னா கதையே இல்ல."

"திருடன் இல்லன்னா போலீஸும்தான் இல்ல. அதுக்காக வீட்டுக்கு ஒருத்தரைத் திருட அனுப்பி வைக்க முடியுமா டீச்சர்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மூன்று தலைமுறையாகத் தராசு செய்து, பழுது பார்க்கும் குடும்பம். கடைத்தெருவில் எடையில் தகராறு வந்தால், இரு தரப்பாரும் பொருளைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குத்தான் வருவார்கள். அவர் சொல்லும் எடைக்கு மேல் பேச்சே கிடையாது. ஆண்டு விழா அன்று அந்தக் கடைத்தெரு முழுவதும் இந்த மண்டபத்தில் வந்து உட்காரும்.

"எங்க வம்சத்தைப் பத்திக் கேட்டுப் பாருங்க. ஒரு எடைக்கல்லைத் தேய்ச்சதில்ல, ஒரு பொய் சொன்னதில்ல. போன வருஷம் கடை ஷட்டர்ல சிக்கி இவன் விரல் நசுங்கி, நகமே போயிடுச்சு. 'நாலு பேர் பாக்கறாங்கடா'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அப்படி வளந்த பிள்ளையை, நாளைக்கு 'கண்ணாடித் திருடன் போறான்'னு தெருவே கூப்பிடணுமா?"

"நாடகம்தானே சார்..."

"மேடைக்குப் புதுத் திரை வாங்கிக் குடுத்தது மருந்துக் கடைக்காரர். தலைவன் வேஷம் அவர் மகனுக்கு. எனக்கென்ன தலையில ஒண்ணும் இல்லன்னு நினைச்சீங்களா?"

ஆசிரியையின் முகம் சிவந்தது. அலமாரியைத் திறந்து, ஒரு பழைய சாக்பீஸ் டப்பாவை எடுத்து வந்து மேஜைமேல் கவிழ்த்தார். மடித்த காகிதத் துண்டுகள் விழுந்தன.

"நாவல்ல வர்ற மாதிரியே பசங்க ஓட்டுப் போட்டுத்தான் சார் தலைவனை எடுத்தோம். நீங்களே எண்ணிப் பாருங்க. உங்க கையை விடச் சரியான கை இந்த ஊர்ல இல்ல."

கடைசி வார்த்தை வேலை செய்தது. பெரியவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, இரண்டு தட்டில் வைப்பதுபோல் இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தார். மருந்துக் கடைக்காரர் மகனுக்கு நான்கு. தம்பி மகனுக்கு இருபத்தேழு.

சந்தேகம் வந்தவர்போல மறுபடியும் எண்ணினார். இருபத்தேழுதான். மறுபடி எண்ணியது சந்தேகத்தினால்தான் என்று யாரும் நம்பவில்லை.

"அடேயப்பா!" என்று வாய்க்குள் சொன்னவர், சட்டென்று முதுகை நிமிர்த்திக்கொண்டார். "ஜெயிச்சது எங்க பிள்ளை, நாற்காலியில மருந்துக் கடையா? இதுக்குப் பேர் என்ன டீச்சர்?"

"நான் மாத்தல சார். எவ்வளவோ கெஞ்சினேன். மறுநாளே வந்து, 'தலைவன் வேணாம், இந்த வேஷம் குடுங்க'ன்னு ஒத்தக்கால்ல நின்னான். ஏன்னு கேட்டா வாயைத் திறக்கல. நீங்களாவது கேளுங்க."

"டேய், இங்க வா."

மர ஈட்டியோடு வந்து நின்றான் பையன். வேர்வையில் முகச்சாயம் கழுத்துவரை வழிந்திருந்தது. பிடுங்கிய கண்ணாடியை மட்டும் கீறல் விழாமல் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தான்.

"இருபத்தேழு பேர் நம்பி ஓட்டுப் போட்டிருக்காங்க. அதைத் தூக்கி எவனுக்கோ குடுத்துட்டு, மூஞ்சியில மசியைப் பூசிக்கிட்டு நிக்கிற. குடும்ப மானத்தைக் கொஞ்சமாவது நினைச்சுப் பாத்தியா?"

"நினைச்சேன் பெரியப்பா."

"நினைச்சுமா இப்படிப் பண்ணின?"

"நினைச்சதாலதான் பெரியப்பா."

"என்னடா உளர்ற?"

பையன் ஆசிரியையை ஒரு முறை பார்த்தான். பிறகு பெரியப்பாவைப் போலவே முதுகை நிமிர்த்திக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"கடைசியில கப்பல் வந்ததும், தலைவன் அத்தனை பேர் முன்னாலயும் அழணும் பெரியப்பா."