நாற்பது கிணறுகளின் படம்

ஜன்னல்களைச் சாத்திய வகுப்பறையில் புரொஜெக்டர் வெளிச்சம் மட்டும் சுவரில் விழுகிறது. அங்கே தெரிவது, நீர் மேலாண்மை படிக்கும் மாணவி இரண்டு வருடம் நாற்பது கிணறுகளில் நாடா இறக்கி நீர்மட்டம் அளந்து வரைந்த படம். முன்வரிசையில் பாட்டில் தண்ணீர் கம்பெனிக்காரர்கள். பேராசிரியரின் குச்சி ஒரு கிணற்றின்மேல் நிற்கிறது. "இங்க போர் போட்டா பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல." அந்தக் கிணற்றுக்காரி முதல் நாளே கேட்டிருக்கிறாள், "இத வெச்சு எங்க தண்ணிய எடுத்துட மாட்டாங்களே?" என்று. "என்னை நம்புங்கக்கா" என்று இவள் சொல்லியிருக்கிறாள். மாணவி எழுந்து நிற்கிறாள். "சார், தண்ணியக் காப்பாத்தத்தானே அளக்கச் சொன்னீங்க?" பேராசிரியர் சிரிக்கிறார். "உக்காரும்மா" என்றவர் முன்வரிசைப் பக்கம் திரும்புகிறார். "இவங்கதான் சார், எல்லாத்தையும் அளந்து குடுத்த பொண்ணு." கம்பெனிக்காரர்கள் திரும்பிப் பார்த்து, அவளுக்காக மனதாரக் கைதட்டுகிறார்கள்.