வாசலைப் பார்த்த செருப்பு

விடுதி அறைக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றி, அறையைப் பார்க்க விடுவது அவள் பழக்கம். காலையில் எழுந்தால் அது வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கதவோ போட்ட தாழ் போட்டபடியே இருக்கும்.

ஒரு வருஷப் பரிமாற்றப் படிப்புக்காகக் கடல் தாண்டி வந்தவள். "மூணே மாசத்துல மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து நிப்பே பாரு" என்று அண்ணன் சிரித்துத்தான் வழியனுப்பினான். சாவி கொடுத்த விடுதிப் பொறுப்பாளரும், "இந்த ரூம்ல யாரும் படிப்பு முடியற வரைக்கும் இருந்ததில்ல" என்றார்.

அவளா அசருவாள்? வீம்புக்குத் தினமும் செருப்பைத் திருப்பி வைத்தாள். பொதுச் சமையலறை அடுப்பு பழகிவிட்டது, வகுப்பில் பேசுவது புரிய ஆரம்பித்தது. செருப்பு மட்டும் வழிக்கு வரவில்லை.

கடைசியில் புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்து, வாசலைப் பார்க்க வைத்தாள்.

"போறதுன்னா நீ போ. நான் படிக்க வந்தவ" என்று காலி அறையிடம் சத்தமாகவே சொன்னாள்.

காலையில் இரண்டு ஜோடியும் அறையைப் பார்த்து ஒட்டிக் கிடந்தன. புதுச் செருப்பின் அடி, பல வருஷம் நடந்த மாதிரி தேய்ந்திருந்தது.

"சரி, இருந்துக்கோ. ஆனா ஜன்னலோர நாற்காலி என்னோடது" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

மாலையில் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ அப்போதுதான் எழுந்து இடம் விட்ட மாதிரி அது வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள்.