கரி ரெசிஸ்ரர்

"கேட்டீரே தம்பி? எங்கை இரைச்சல், எங்கை பிள்ளையின்ரை குரலெண்டு பிரிச்சறிய ஏலாமல் கிடக்கு" என்று தங்கமுத்து ரேப் றெக்கோடரை மேசையில் தள்ளினாள். ஜேர்மனியிலிருந்து வந்த கசெற் அதற்குள்ளேயே இருந்தது.

சுன்னாகம் சந்தைக்கு எதிரேதான் சீவரத்தினத்தின் ரேடியோக் கடை. அவன் மூடியைக் கழற்றிப் பார்த்தான்.

"உள்ளை போட்டிருக்கிறது கரி ரெசிஸ்ரர், அம்மா. பழசானால் இரையும். என்னட்டை மெற்றல் பிலிம் ரெசிஸ்ரர் ரண்டு கிடக்கு. அதைப் போட்டால் பக்கத்திலை இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்கும்."

"போடும்" என்றுவிட்டு அவள் வெங்காயம் வாங்கப் போனாள்.

வானத்தில் எங்கோ குண்டு போடுகிற பொம்மர் இரைந்தது. கரண்ட் இல்லாத ஊரில், சோல்டரிங் அயனை நெருப்பில் வைத்துச் சூடாக்கினான். அது கிட்ட வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

தங்கமுத்துவோடு வந்து ஓரமாய் நின்ற அவள் புருஷன் ஏரம்பு, அவன் கையைப் பிடித்தார். "உந்தப் புதுசைப் போடாதையும் தம்பி."

"ஏன் ஐயா?"

ஏரம்பு சந்தைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். "பிள்ளை ஜேர்மனிக்கு எல்லை கடக்கேக்கை பனிக்குள்ளை முடிஞ்சு போனான். வருசம் ஒண்டாச்சு. கசெற்றிலை பிள்ளை மாதிரிக் கதைக்கிறது அங்கையிருக்கிற என்ரை மருமோன். இரைச்சல் போனால் அவள் பிடிச்சிடுவாள். நெஞ்சு வருத்தக்காரி, தாங்க மாட்டாள்."

சீவரத்தினம் மெற்றல் பிலிமை எடுத்து வைத்துவிட்டு, தகர டப்பாவைக் கிளறினான். இருந்ததுக்குள் மோசமான கரி ரெசிஸ்ரராகப் பார்த்துப் பொருத்தினான். இருபது வருசத் தொழிலில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை.

பொம்மரின் இரைச்சல் தூரத்தில் தேய்ந்தபோது தங்கமுத்து திரும்பி வந்தாள். ஏரம்பு வாசலில் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு மிதித்தார். அதன் டைனமோ தந்த கரண்டில் றெக்கோடர் ஓடியது.

"அம்மா, நான் சுகமாய் இருக்கிறன்..." மீதியெல்லாம் இரைச்சல்.

அவள் றெக்கோடரைப் பார்க்கவில்லை. வேர்க்க வேர்க்க மிதிக்கும் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குறை நினைக்காதேங்கோ அம்மா. எவ்வளவோ பாத்தன்..." சீவரத்தினம் தலையைக் குனிந்தான்.

"உமக்கு அவர் சொல்லிப்போட்டார் போல."

டைனமோச் சத்தத்தில் வாசலில் மிதிக்கிறவருக்குக் கேளாது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு அவள் கிட்டக் குனிந்தாள்.

"குரல் விளங்கேல்லையெண்டு நான் சண்டை பிடிக்காட்டி அவருக்குச் சந்தேகம் வந்திடும் தம்பி. பிள்ளை இல்லையெண்டு எனக்கு எப்பவோ தெரியும்."