கண்ணு

"கண்ணு!"

தூணுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் குரல் கொடுத்ததும், வராந்தாவில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆறு பெண்களும் முகத்தைச் சட்டென்று சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

தகரக் கதவின் ஓட்டையில் கண்ணை வைத்திருந்த துணிக்கடைக்காரன் தனக்குள் சிரித்தான். மூன்று நாளாகப் பார்க்கிறான். தூண் மறைத்ததால் அவளுடைய குரல்தான் கேட்டது, ஆள் தெரியவில்லை. ஆனாலும் ஒன்று புரிந்தது: இந்த வீட்டில் அவளை ஒருத்தியும் மதிப்பதில்லை.

அவள் தொழிற்பயிற்சிப் பள்ளி மாணவி. சமூக சேவை என்று ஒரு மாதம் இந்தப் பெண்கள் விடுதிக்கு உடைந்த கட்டில்களைச் சரிசெய்ய வந்திருக்கிறாள். காவலாளியிடம் பேச்சுக் கொடுத்து இதையெல்லாம் கறந்திருந்தான். முதல் நாள் அவள் வாங்கிய வசவு அவன் காதிலேயே விழுந்தது.

"கை வேலை சுத்தம். ஆனா பக்கத்துல நாலு மனுஷங்க இருக்காங்கங்கிற நினைப்பே கிடையாதா உனக்கு?" விடுதி நிர்வாகி வாங்கு வாங்கென்று வாங்கினாள். "அதைக் கத்துக்கத்தானே உங்க டீச்சர் இங்க அனுப்பியிருக்காங்க! ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்?"

மறுநாளிலிருந்துதான் இந்தக் 'கண்ணு'.

ஐஸ் வைக்கிறாள், பாவம், அதுவும் சரியாக வரவில்லை என்று நினைத்தான். இனிக்கப் பேசுவது அவனுடைய தொழில். கடை வாசலில் தயங்கி நிற்பவளை ஒரே ஒரு 'கண்ணு'வில் உள்ளே இழுத்துவிடுவான்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி அவன் மனைவி. நாற்பது நாளுக்கு முன்னால் உடைந்த பல்லோடு ஓடிவந்தவள். இன்று அவள் கழுத்து வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அவன் விரல்கள் பதிந்திருந்த தடம் போயே போய்விட்டது. யாரைக் கேட்டுப் போயிற்று என்று அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

நிர்வாகி வெளியே கிளம்பிப் போனதும் கதவை உதைத்துக்கொண்டு நுழைந்தான். கையில் துணி அளக்கும் இரும்புக் கம்பி. குறுக்கே வந்த காவலாளியின் முழங்கையில் அதை இறக்கினான். காய்ந்த கொம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

எழுந்து ஓடப் பார்த்த மனைவியின் கூந்தலை எட்டிப் பிடித்துச் சுண்டி இழுத்தான். அவள் நெற்றி படியில் மோதி, நறுக்கிய காய்மேல் ரத்தம் சொட்டியது. தடுக்க வந்த சமையல்காரிக்குத் தோளில் ஒன்று விழுந்தது.

"எவளாவது அசைஞ்சீங்க, இவ மண்டை ரெண்டாப் போயிடும்!"

யாரும் அசையவில்லை. அடித்து முடித்த ஒவ்வொரு முறையும் வரும் அந்தத் தேன்குரல் இப்போதும் அவனுக்கு வந்தது.

"கண்ணு... வாடா, வீட்டுக்குப் போலாம்."

ஐந்து பெண்களும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"என்னடி, என் மூஞ்சியைப் பார்க்கவே கசக்குதா?" கம்பி அவள் முதுகில் விழுந்தது. இன்னொரு முறையும் விழுந்தது.

"அண்ணே..."

தூணுக்குப் பின்னால் அப்போதுதான் அவளைப் பார்த்தான். கவிழ்த்துப் போட்ட இரும்புக் கட்டிலின் முன்னால் குந்தியிருந்தாள். ஒல்லிப் பெண். நீல உடுப்பு. நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட ஒரு கறுப்பு முகமூடி. பக்கத்தில் ஏதோ ஒரு பெட்டி தூக்கத்தில் முனகுவதுபோல ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"அடிக்காதீங்கண்ணே. நான் சொன்னா அக்கா கேப்பாங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கட்டுமா?"

அவன் சிரித்துவிட்டான். "நீயா? உன் பேச்சுக்கு இங்க என்ன மரியாதைன்னு மூணு நாளாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்! நாய்கூடத் திரும்பிப் பாக்கல."

"அக்காவைக் கொஞ்சம் கிட்டக் கூட்டிட்டு வாங்கண்ணே. அவ்வளவுதான்."

கூந்தலைப் பிடித்தபடியே மனைவியைக் கட்டிலருகே தரதரவென்று இழுத்துவந்தான். "சொல்லு, சொல்லு. நானும் பாக்கறேன்."

"நல்லாப் பாருங்கண்ணே."

அவள் குரல் நடுங்கியது. கை, பெட்டியிலிருந்து வந்த வயரின் பிடியை இறுகப் பற்றியது. தலையை வெடுக்கென்று ஆட்டியதும் முகமூடி சரிந்து முகத்தை மூடிக்கொண்டது. பயத்தில் ஒளிகிறாள் என்று அவனுக்கு மேலும் சிரிப்பு வந்தது.

"கண்ணு!"

ஆறு முகங்களும் திரும்பின. அவன் மட்டும் பார்த்தான்.

உலகம் வெள்ளையாகக் கிழிந்தது. ஒரு சாண் தூரத்தில் யாரோ சூரியனை உரசிப் பற்றவைத்த மாதிரி இருந்தது. கூந்தல் கையிலிருந்து நழுவியது. கண்ட திசையெல்லாம் கம்பியை வீசினான். அது தூணில் பட்டுத் தெறித்து எங்கோ போய் விழுந்தது.

முழங்காலில் கட்டில் கால் ஒன்று இறங்கியது. அடுத்தது தாடையில். எவளோ முதுகில் ஏறி உட்கார்ந்தாள், எவளோ மணிக்கட்டுகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கினாள். அவன் நாக்கில் உப்பும் ஒரு பல்லும் தட்டுப்பட்டன.

எங்கே திரும்பினாலும் பச்சைப் பச்சையாக வட்டங்கள் மிதந்தன. தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு புலம்பினான்.

"ஏமாத்திட்டா! கண்ணுன்னு கொஞ்சற மாதிரி கொஞ்சி..."

யாரோ அருகில் வந்து உட்கார்ந்தார்கள். காதோரம் கேட்டது அவன் மனைவியின் குரல். அதில் நடுக்கமே இல்லை.

"கொஞ்சலைங்க. எங்க வீட்டுல, கண்ணுன்னா 'வெல்டிங் வைக்கப்போறேன், கண்ணை மூடிக்கங்க'ன்னு அர்த்தம்."