விலாசம் மாறிய பக்கம்

"கள்ளி! எங்கட பக்கத்தையே களவெடுத்துட்டா!"

ரபீகா போட்ட சத்தத்தில் கணவன் பஹ்மிக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

"என்ன நடந்த? ஒழுங்காச் செல்லு."

"செசிலியாதான்! நம்மட ஃபேஸ்புக் பக்கத்தப் பாருங்க. எங்கட நம்பர் இல்ல, விலாசம் இல்ல. எல்லாம் அவள்ட. வழி காட்டுற மெப்பும் அம்பிட்டியவில அவள்ட வீட்டத்தான் காட்டுது!"

2018 மார்ச். திகனப் பக்கம் கலகக்காரர்கள் முஸ்லிம்களின் கடைகளை எரித்த மறுநாள். ஊரடங்கைக் காலையில்தான் எடுத்திருந்தார்கள்; மறுபடி எப்போது போடுவார்களோ தெரியாது. கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் இருந்த ஒழுங்கையில் முஸ்லிம் வீடுகள் நாலைந்துதான். ஒரு கதவும் திறக்கவில்லை. அந்தப் பயம் போதாதென்று இப்போது இது.

ரபீகாவின் வியாபாரத்துக்குக் கடையும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. குசினியில் கேக் செய்து 'ரபீகா ஹோம் கேக்' என்ற அந்தப் பக்கத்தில் விற்பாள், அவ்வளவுதான். பஹ்மிக்கு வேலை போன நாளிலிருந்து மூன்று பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அந்தப் பக்கம்தான்.

அதைத் திறந்து கொடுத்ததே, ஓடர் எடுக்க வேலைக்கு வந்த செசிலியாதான். அவள் தன் வீட்டிலும் கேக் செய்து விற்கிறாள் என்று போன மாதம் காதில் விழுந்ததும், ரபீகா நின்ற நிலையில் அவளை அனுப்பிவிட்டாள். வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கினாள். ஏப்ரனைக்கூட விட்டுவைக்கவில்லை. பக்கத்தை வாங்கத்தான் மறந்துபோனாள்.

தெரிந்த சட்டத்தரணி கமலாசனியைத் தொலைபேசியில் பிடித்தார்கள்.

"பக்கத்தை ஆற்ர கணக்கில தொடங்கினீங்கள்?"

"அந்தப் புள்ளட கணக்கிலதான் மிஸ்."

"வேலையால நிப்பாட்டேக்க அட்மின் உரிமையை எடுத்தனீங்களோ? எழுத்தில ஏதும் இருக்கோ?"

"ஒண்டுமில்ல மிஸ்."

"அப்ப கதவைத் திறந்து விட்டது நீங்கள்தானே!" கமலாசனி சலித்துக்கொண்டார். "எண்டாலும் உங்கட வாடிக்கையாளரைத் தன்ர பக்கம் இழுக்க விலாசத்தை மாத்தியிருந்தா அது பிழைதான். கணினிக் குற்றச் சட்டம் இருக்கு, முறைப்பாடு குடுத்துப் பாக்கலாம். முதல்ல எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ. அந்தப் பிள்ளையிட்டையும் ஒருக்கா காரணம் கேளுங்கோ."

"களவுக்கு என்ன காரணம் மிஸ்?" என்றாள் ரபீகா.

பஹ்மி முறைப்பாட்டை எழுதி முடித்தான். வாசல் வரை போனவன் தயங்கி நின்றான்.

"ரபீ, இண்டைக்கே போகோணுமா? ரோட்டுல என்ன நிலமையோ..."

"வயித்தில அடிச்சிட்டா. இன்னும் என்னத்துக்குப் பாக்கிறீங்க? போங்க!"

அவன் செருப்பை மாட்டுவதற்குள், மனம் ஆறாமல் செசிலியாவுக்கு எடுத்தாள். மூன்றாம் தடவைதான் பதில் வந்தது.

"எங்கட விலாசத்த மாத்த ஒனக்கு யாரு உரிம தந்த? எத்தின ஓடர் சுருட்டின?"

"மூணு ஓடர் வந்துச்சுக்கா. ஒங்க பேர்லதான் எழுதி வச்சிருக்கேன்."

குரல் கிசுகிசுப்பாக இருந்தது. அதுவே ரபீகாவுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"நடிக்காத! அவரு பொலிசுக்கு வெளிக்கிட்டாரு. அங்க செல்லு ஒன்ட கதைய!"

"ஐயோ, வேணாம்க்கா! அவர வெளிய விடாதீங்க!"

"இப்ப பயம் வந்திட்டா?"

"அக்கா, கொஞ்சம் கேளுங்க. நேத்து வட்ஸ்அப்புல, அடிச்சு நொறுக்கணும்னு ஒரு லிஸ்ட் சுத்துச்சு. முஸ்லிம் ஆளுங்களோட வியாபாரப் பக்கமாத் தேடித் தேடிப் போட்டிருந்தானுங்க. அதுல ஒங்க பக்கமும் இருந்துச்சு. சொல்லலாம்னு எத்தனையோ தரம் எடுத்தேன். என் நம்பர பிளொக் பண்ணி வச்சிருக்கீங்க."

ரபீகா கையை நீட்டிப் பஹ்மியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பக்கத்த மூடிட்டா, ஊருக்குள்ள விசாரிச்சுக்கிட்டு ஒங்க வீட்டுக்கே வந்துருவானுங்கன்னு பயந்துட்டேன். அதான் எங்க விலாசத்தப் போட்டேன்."

ரபீகா வாசல் கதவைத் தாழிட்டாள்.

"அப்ப... ஒங்கட வீட்டுக்கு?"

"பத்துப் பதினஞ்சு பேரு வந்தானுங்கக்கா. வாசல்ல மாதா படத்தப் பாத்துட்டு, இப்பதான் திரும்பிப் போறானுங்க."