ஒன்பதாவது பொத்தான்

துபாயில் வேலை பார்த்த ராபின், திண்டுக்கல் வீட்டின் விளக்கு, விசிறி, மோட்டார் எல்லாவற்றையும் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் இயக்கும்படி செய்திருந்தான். திரையில் எட்டுப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வீட்டில் தனியாக இருந்த அம்மா அமலராணி விளக்கை அணைக்க மறந்தால் அவனே அணைத்துவிடுவான்.

"சாப்டுக்கிட்டு இருந்தேன் அப்பு, இருட்டாப் போச்சு" என்று அவள் போன் செய்வாள்.

மார்ச்சில் அம்மா இறந்தாள். லீவு இல்லையென்று அவன் அடக்கத்துக்கு வரவில்லை. தங்கை நான்சி வீட்டைப் பூட்டினாள். எட்டையும் அவன் துபாயிலிருந்து அணைத்தான்.

நவம்பரில், கல்லறைத் திருநாளன்று சாயங்காலம், திரையில் ஒன்பதாவதாக ஒரு பொத்தான் இருந்தது. பெயரில்லை. எரிவதாகக் காட்டியது. பழக்கத்தில் அணைத்துவிட்டு, நான்சிக்குப் போன் செய்தான்.

"வீட்ல புதுசா லைட்டு எதுவும் மாட்டுனியா?"

"வீட்டுப் பக்கமே போகலண்ணே. கல்லறையில நிக்கிறேன். அம்மாவுக்கு ஏத்துன மெழுகுவத்தி மட்டும் இப்பத்தான் அணைஞ்சுச்சு. காத்துகூட இல்ல."

ராபின் பொத்தானை அழுத்தினான். மாறவில்லை.

"பத்தவே மாட்டேங்குதுண்ணே."

அவன் அழுத்திக்கொண்டே இருந்தான். போனில் தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக உரசும் சத்தம் கேட்டது.